வாசகர் கேள்வி – பதில்: வலை பழுதுபார்க்கும் காலம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. காசிமேடு, புளியந்தோப்பு, பெரம்பூர், திருவொற்றியூர் என்று பேட்டை மாறினாலும், ஆண்டவரை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆன பிறகு அந்த விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்படி என்பதே எல்லோருடைய கவலையாகவும் இருக்கிறது. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 44 வயது. 19 ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். அந்த நாட்களில் முழங்கால் போட்டாலே கண்ணீர் வரும். இப்போதும் காலை நான்கரை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். ஆனால் வாய் ஜெபித்துக்கொண்டிருக்க, மனம் தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று தெருவையே கேட்டுக்கொண்டிருக்கிறது. வேதத்தை வாசித்து மூடினால் என்ன வாசித்தேன் என்பதே நினைவில் நிற்பதில்லை. என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சபையில் ஒரு சகோதரி, ‘நீங்கள் ஆதி அன்பை விட்டுவிட்டீர்கள், பின்மாற்றத்தில் இருக்கிறீர்கள்’ என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் பின்வாங்கிப்போனேனா?
— ஒரு சகோதரி, காசிமேடு

பதில்: இல்லை, சகோதரி. பின்வாங்கிப்போனவர்கள் நான்கரை மணிக்கு எழுந்திருப்பதில்லை.

உங்களிடம் அப்படிச் சொன்ன சகோதரி வெளிப்படுத்தின விசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தை மனதில் வைத்துத்தான் பேசியிருக்கிறார். எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னது அது. ஆனால் அடுத்த வசனத்தையும் அவர் சேர்த்து வாசித்திருக்க வேண்டும். ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டவர்களிடம் ஆண்டவர் ஆதியில் வடித்த கண்ணீரைக் கேட்கவில்லை. ‘ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக’ என்றுதான் சொல்கிறார். கண்ணீர் நம் கையில் இல்லை. எழுந்திருப்பதும் முழங்கால் போடுவதும் வேதத்தைத் திறப்பதும் நம் கையில் இருக்கின்றன. அவற்றை நீங்கள் விடவில்லை.

உங்கள் வீட்டுக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், இறந்துபோன ஒருவருடைய வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தபோது, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நடந்து போனேன். படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாக நின்றன. ஒரு தார்ப்பாய் நிழலில் பெரியவர் ஒருவர் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலையின் ஒரு கண்ணியைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியால் கிழிந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு போடுவார், இழுத்துப் பார்ப்பார், அடுத்த கண்ணிக்குப் போவார். அவருக்கு எதிரே ஓர் இளைஞன் உட்கார்ந்து, அதே வலையின் மறுமுனையில் அதையே செய்துகொண்டிருந்தான். பேச்சு இல்லை. நான் அரை மணி நேரம் நின்றிருப்பேன். கிழிசல் ஒரு சாண் அளவுக்குக்கூட அடைபடவில்லை. ‘இவ்வளவு பொறுமையா ஐயா?’ என்று கேட்டேன். ‘இப்பப் பின்னலேன்னா, தடை முடிஞ்சி வலை போடும்போது மீன் எல்லாம் ஓட்டை வழியா போயிடும்’ என்றார்.

மாற்கு 1:19-இல் ஆண்டவர் யாக்கோபையும் யோவானையும் அழைக்கும்போது அவர்கள் படவில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல்லையே பவுல் 1 தெசலோனிக்கேயர் 3:10-இலும் எழுதுகிறார். நம் தமிழ் வேதாகமத்தில் அது ‘உங்கள் விசுவாசத்தின் குறைவுகளை நிறைவாக்கும்பொருட்டு’ என்று வருகிறது. வலையின் கிழிசலைச் சரிசெய்கிற அதே சொல், விசுவாசத்தின் குறைவைச் சரிசெய்வதற்கும் பயன்படுகிறது. தெசலோனிக்கேயருக்கு விசுவாசம் இல்லை என்று பவுல் சொல்லவில்லை. முந்தின வசனங்களில் அவர்கள் விசுவாசத்தைக் குறித்து மகிழ்ந்துதான் எழுதுகிறார். நல்ல வலையும் கிழியும். கடலுக்குப் போகாமல் சுருட்டி வைத்த வலைதான் கிழியாது. 19 ஆண்டுகளாகக் குடும்பத்தையும் சபையையும் கடல் பயத்தையும் சேர்த்து இழுத்த வலை உங்களுடையது.

இந்த வறட்சி உங்களுக்கு மட்டும் வந்ததும் அல்ல, புதிதும் அல்ல. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த துறவிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான எவாக்ரியு, நண்பகலில் ஒரு சோர்வு வந்து பிடிக்கும் என்றும், அப்போது சூரியன் நகராமல் நிற்பதுபோலவும் அந்தப் பகல் 50 மணி நேரம் நீள்வதுபோலவும் தோன்றும் என்றும் எழுதிவைத்தார். 91-ஆம் சங்கீதத்தில் ‘மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்’ என்று வருகிறதே, அதோடு இதை அவர்கள் இணைத்துப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன மருந்து மிகச் சிறியது: அறையை விட்டுப் போகாதே, கையில் உள்ள வேலையைச் செய். நம் காலத்தில் 1997-இல் மறைந்த அன்னை தெரேசா, ஏறக்குறைய 50 ஆண்டுகள் தம் உள்ளத்தில் ஆண்டவருடைய சமுகத்தை உணராமலே ஏழைகளுக்குப் பணி செய்தார் என்பது, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. நான் அவருடைய திருச்சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனாலும் என்னுடைய இரண்டு வறண்ட ஆண்டுகளில் அந்தச் செய்தி என்னைத் தாங்கியது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு நீண்ட ஜெபம் வேண்டாம். ஒரே ஒரு சங்கீதத்தை, மனதுக்குள் அல்ல, வாய்விட்டு, வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பாத குரலில் வாசியுங்கள். தண்ணீர் லாரியின் நினைவு வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் அதையே ஜெபமாக்குங்கள். அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொன்னவர் அன்றாடத் தண்ணீரைக் கேட்டால் கோபிக்கமாட்டார். 88-ஆம் சங்கீதத்தைத் தவிர்க்காதீர்கள். வேறு சங்கீதங்கள் அழுகையில் தொடங்கினாலும் துதியில் முடியும். இதுவோ ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதம்தான், அதுவும் ஜெபம்தான். அடுத்த தடைக்காலத்தில் உங்கள் கணவர் கரையில் இருக்கும் அந்த 61 நாட்களும் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். ஒரு முனையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பெரிய வலையைப் பின்னி முடிக்க முடியாது.

தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது வாரக்கணக்கில் தொடர்ந்தால், சாப்பாடும் பிடிக்காமல் போனால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்ற எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டு, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் கொடுத்தார், அதையும் இரண்டு முறை கொடுத்தார்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் ராயப்பர், அதாவது நம்முடைய பேதுரு. ஆண்டவரைத் தெரியாது என்று அவர் மறுதலிப்பதற்கு முன்பே ஆண்டவர் அவரிடம் சொன்னார்: ‘நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்.’ உங்கள் ஜெபம் வறண்டிருக்கும் நேரத்திலும் உங்களுக்காக ஏறெடுக்கப்படும் அந்த ஜெபம் வறள்வதில்லை.

கேள்வி: என்னை ஆண்டவரிடம் நடத்திய போதகர், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், சபையின் கட்டட நிதியில் கைவைத்துவிட்டார் என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. 12 ஆண்டுகளாக அவர் பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்தேன். இப்போது நான் பெற்ற விசுவாசமே பொய்யோ என்று சந்தேகம் வருகிறது. சபைக்குப் போகவே மனமில்லை.
— ஒரு சகோதரர், புளியந்தோப்பு

பதில்: உங்கள் வேதனை நியாயமானது. அதைச் சீக்கிரமாக ஆற்றிவிட நான் முயலமாட்டேன்.

புளியந்தோப்பிலிருந்து வேப்பேரி அதிக தூரமில்லை. அங்கே 18-ஆம் நூற்றாண்டில் பப்ரிசியு என்ற ஜெர்மானிய மிஷனெரி வாழ்ந்தார். 1742-இல் சென்னைக்கு வந்தவர், சாகும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியிலிருந்து கைப்பற்றிக் கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவருடைய பொறுப்பில் வந்தது. அவர் வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார், அகராதி தொகுத்தார், ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். அந்தப் பாட்டுகளை நம்மில் பலர் இன்றும் ஆராதனையில் பாடுகிறோம். இவ்வளவும் செய்தவர் முதுமையில் பணவிஷயத்தில் சிக்கிக்கொண்டு, கடனுக்காகச் சிறையில் இருக்க நேர்ந்தது. 1791-இல் இறந்தார். உங்கள் போதகர் செய்ததும் அவருடைய சிக்கலும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஒருவர் பணத்தில் தவறினார் என்பதால் அவர் கையிலிருந்து நாம் பெற்ற வேதவசனம் பொய்யாகிவிடுவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ‘பவுலா உங்களுக்காகச் சிலுவையிலறையப்பட்டான்?’ என்று பவுலே கேட்டார் அல்லவா? அந்தக் கேள்வியை உங்கள் போதகரின் பெயரை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

அதே சமயம், ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று சொல்லி இதை மூடிமறைக்கச் சொல்கிறவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த காணிக்கையைப் பவுல் தனியாக எடுத்துப் போகவில்லை. தம்மேல் யாரும் குறைசொல்லக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூடவே அழைத்துக்கொண்டார். 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், மூப்பர்களோடு சேர்ந்து கேளுங்கள். மன்னிப்பு வேறு, நிதிப் பொறுப்பைத் திரும்ப ஒப்படைப்பது வேறு. உங்களுக்கு அந்த ஆலயத்துக்குள் கால் வைக்க முடியவில்லை என்றால், சிறிது காலம் வேறொரு சபையில் பின்வரிசையில் உட்காருங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் விடுவது சுலபமாகிவிடும். இதை நான் பலருடைய வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. ஓய்வுநாள் பாடசாலையில் பரிசு வாங்கியவன், வாலிபர் கூட்டத்தில் கித்தார் வாசித்தவன். சபைத் தேர்தலில் நடந்த அடிதடியைப் பார்த்தபிறகு ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் சொல்லிப் பார்க்கிறேன், சண்டையில்தான் முடிகிறது. என் ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை?
— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அம்மா, பவுலின் நிருபங்களில் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வருகின்றன. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் மாற்கு, தேமா இருவரையும் ‘உடன்வேலையாட்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறார். அந்த நாளில் பார்த்தவர்கள், இந்த இருவரில் நிலைக்கப்போவது யார் என்று கேட்டால், தேமா என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஏனெனில் மாற்கு ஏற்கெனவே ஒருமுறை பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போனவன். அவனை மறுபடியும் அழைத்துப் போவதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் வாக்குவாதம் மூண்டு இருவரும் பிரிந்தே போனார்கள். கடைசிச் சிறையிலிருந்து பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது நிலைமை தலைகீழாகிவிட்டது: தேமா இந்தப் பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பிரிந்துபோனான்; ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா; ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.’ பரிசு வாங்கினதையும் கித்தார் வாசித்ததையும் வைத்தோ, நான்கு ஆண்டுகள் வராமல் இருப்பதை வைத்தோ உங்கள் மகன் இந்த இருவரில் யார் என்று முடிவுகட்டாதீர்கள்.

மாற்கு திரும்பி வந்ததற்கு நடுவில் ஒருவர் இருந்தார். பர்னபா அவனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல், கையோடு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உங்கள் மகனுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அது பெரும்பாலும் தாயாக இருக்க முடிவதில்லை. சித்தப்பாவாகவோ, பழைய ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியராகவோ, நேர்மையான ஒரு மூத்த அண்ணனாகவோ இருக்கலாம். அப்படி ஒருவரைத் தேடுங்கள். நீங்கள் தினமும் சொல்வதை நிறுத்திவிடுங்கள். உங்கள் பிள்ளை பார்த்த அடிதடி உண்மையாகவே அவமானகரமானது. ‘நீ கோபப்பட்டது சரிதான்’ என்று ஒருமுறை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றால் இன்று இரவே சொல்லுங்கள், அதற்குப் பின்னால் ‘ஆனால்’ போடாமல் சொல்லுங்கள்.

பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன், மோனிக்கா என்ற தாயின் மகன்; கி.பி. 354-இல் பிறந்தார், 387-ஆம் ஆண்டு ஈஸ்டரில்தான், தமது 32-ஆம் வயதில், மிலான் நகரில் அம்புரோசு ஆயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். இடையில் அந்தத் தாய் ஓர் ஆயரிடம் போய், என் மகனிடம் நீங்கள் பேசுங்கள் என்று கெஞ்சியபோது, அவர் மறுத்துவிட்டார்: இப்போது அவன் கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, ஆண்டவரிடம் மட்டும் பேசிக்கொண்டிரு என்றார். இதை அகுஸ்தீனே பின்னாளில் எழுதிவைத்தார். உங்கள் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நான்கு ஆண்டுகளில் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: கன்டெய்னர் யார்டில் 12 மணி நேர ஷிப்ட். ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியவில்லை, செல்போனில் பார்க்கிறேன். அது போதுமா?
— ஒரு தம்பி, திருவொற்றியூர்

பதில்: போதாது, தம்பி, ஆனால் அது உன் குற்றமும் அல்ல. ஞாயிறு விடுமுறையானது கி.பி. 321-இல், கான்ஸ்டன்டைன் பேரரசரின் ஆணையால்தான். அதற்கு முந்தின ஏறக்குறைய 300 ஆண்டுகளும் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலைநாளே. அவர்களில் பலர் அடிமைகள், கூலிகள். கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டின் ரோம ஆளுநர் பிளினி பேரரசருக்கு அனுப்பிய கடிதத்தில், இவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவுக்குப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று எழுதினார். வேலைக்கு முன் கூடினார்கள் என்பதைக் கவனி. ஆகவே நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், கூடிவருதலை விட்டுவிடக் கூடாது. உன் யார்டில் உன்னைப்போல் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் 15 நிமிடம் டீக்கடை ஓரத்தில் சேர்ந்து ஜெபியுங்கள். திருவிருந்து செல்போனில் வராது. மாதம் ஒருமுறை ஷிப்ட் மாற்றிக்கொண்டு அதிகாலை ஆராதனைக்குப் போய்வா, அல்லது உன் ஆயரிடம் நிலைமையைச் சொல்லி, வாரநாளில் வீட்டில் வந்து திருவிருந்து கொடுக்கக் கேள். நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள்; கேட்டால் உனக்கும் வழி சொல்வார்கள். செல்போனில் பார்க்கும்போது யாரும் உன் முகத்தைப் பார்த்து ‘ஏன் தம்பி வாடியிருக்கிறாய்?’ என்று கேட்கமாட்டார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம் வாசித்தால் ஆவிக்குரிய வளர்ச்சி வரும்? ஒவ்வொரு ஜனவரியிலும் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன்.
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வேதத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. வாரநாட்களில் மூன்றும் ஞாயிறன்று ஐந்தும் வாசித்தால் ஓர் ஆண்டில் முடியும். ஆனால் முடிப்பதையும் வளர்வதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். விதைத்தவன் தூங்கி எழுந்துகொண்டிருக்க, நிலம் முன்பு முளையையும் பின்பு கதிரையும் ‘தானாய்’ கொடுக்கும் என்று மாற்கு 4-இல் ஆண்டவர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். தோண்டித் தோண்டிப் பார்த்தால் முளை வராது. இந்த ஆண்டு அட்டவணையைக் கிழித்துவிட்டு, மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களை நாளுக்கு ஒன்றாக வாசியுங்கள். முடிந்ததும் மறுபடியும் முதல் அதிகாரத்திலிருந்தே தொடங்குங்கள். ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் இரண்டாக வாசித்து ஈடுகட்ட வேண்டாம்; விட்ட இடத்திலிருந்து ஒன்று மட்டும் போதும். மூன்றாவது முறை முடித்தபின் எனக்கு எழுதுங்கள், லேவியராகமத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.